கேடிலாக்கின் டேங்க் மூடி

பானுப்பிரியா எந்த வண்டியின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. வண்டியில் வருபவர்களும் அவள் பெயரைக் கேட்டதில்லை. அந்த வகையில் கணக்கு நேர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் பதினாறு வருஷமாக அவள் நிற்கிறாள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாதி வண்டிதான். டேங்க் மூடி இடது பக்கம் இருப்பது ஒன்று, வலது பக்கம் இருப்பது இன்னொன்று.

வண்டி ரோட்டிலிருந்து திரும்பும்போதே அவள் கை உயர்ந்துவிடும். எந்தப் பம்ப், எந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவாள். புதிதாகக் கார் வாங்கியவர்கள் உள்ளே உட்கார்ந்து, நம் வண்டிக்கு மூடி எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவள் மூடியைத் திறந்திருப்பாள். "எந்தப் பக்கம்?" என்று பதினாறு வருஷத்தில் ஒருத்தரிடமும் அவள் கேட்டதில்லை. வேறு எதற்கும் பீற்றிக்கொள்ளாதவள், இதற்கு மட்டும் கொஞ்சம் பீற்றிக்கொள்வாள். கொள்ளட்டுமே, யாருக்கு நஷ்டம்?

சோழபுரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு நூல் மில்லில் இருந்தாள். பஞ்சு ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து நின்றுவிட்டாள். வெளிக்காற்றில் நிற்கிற வேலையாக இருந்தால் போதும் என்று பங்க்குக்கு வந்தவள், சேலைக்கு மேல் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கேயே வேர் பிடித்துவிட்டாள். வீட்டுக்காரர் வைகுண்டராஜ் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "எம் பொண்டாட்டி பக்கத்துல நின்னா தீப்பெட்டி எடுக்கவே பயமா இருக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற மனுஷர்.

ஆறு வருஷம் முன்னால் அதே பங்க்குக்கு ஷெரின் வேலைக்கு வந்தாள். தேவதானத்துப் பெண், வாய் ஓயாதவள். மத்தியானம் வெயில் கொளுத்தி ரோடு வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஷெரின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பம்ப் பக்கத்தில் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்காருவாள். அது கார். பானு ஓடிவந்து குனிந்து, "ஜீரோ பாத்துக்கோங்க மேடம்" என்பாள். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டுத்தான் பெட்ரோல் விட வேண்டும், அதுதான் பங்க் வழக்கம். ஷெரின் கண்ணை இடுக்கிப் பார்த்து, "பாத்தாச்சு. டேங்க்க நிறைச்சிருங்க" என்பாள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டே கை காய்த்துப்போனவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையில் அப்படி ஒரு சிரிப்பு வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் ஜெர்வினுக்கு ஷெரினை நிச்சயம் செய்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் காலை பத்தரைக்குக் கல்யாணம். பானு மூன்று வாரம் முன்னாலேயே லீவு கேட்டாள். மேனேஜர் வேல்பாண்டி கெட்டவர் இல்லை, ஆனால் நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். ஏற்கெனவே இரண்டு பேர் லீவு. ரோட்டில் வண்டிக்குப் பஞ்சமிருக்காது, பங்க்கில் ஆளுக்குத்தான் பஞ்சம்.

"நீயும் போயிட்டா நானா வந்து பெட்ரோல் போடுவேன்?" என்றார்.

பானு அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள், கல்யாணத்துக்காக வேலையிலிருந்து நின்று வீட்டில் இருந்த ஷெரினுக்குப் போன் செய்து சொன்னபோது மறுபடியும் அழுதாள். ஷெரின் சொன்னாள்: "யக்கா, நீ அழாத. நீ வர முடியலைன்னா நான் வாரேன். சர்ச்சுக்குப் போற வழிதானே. கார்ல வந்து எறங்குதேன், நீ எனக்கு ஜீரோ காட்டணும். டேங்க்க நிறைக்கணும். அது இல்லாம நான் சர்ச்சுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன், பாத்துக்க."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் பானு நினைத்தாள்.

கல்யாண நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ராஜபாளையம் பக்கமிருந்து அது வந்தது. வெண்ணெய் நிறம். நம் கார் இரண்டை ஒட்டவைத்த நீளம். முன்னால் வெள்ளிப் பல்வரிசை, பின்னால் இரண்டு பக்கமும் மீன் வாலாகத் தூக்கி நிற்கிற தகடு. ரோட்டோரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை ஓங்கியபடியே நின்றுவிட்டார். பானுவின் கை வழக்கம்போல உயர்ந்தது. உயர்ந்த கை அப்படியே நின்றது. இடதா, வலதா? பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை.

வண்டி இரண்டு பம்ப்பையும் மறித்துக்கொண்டு நின்றது. பின் சீட்டில் வெள்ளைப் பட்டும் தலையில் முக்காட்டு வலையுமாக ஷெரின். முன் சீட்டில் அவள் அம்மா ஏசம்மாள். வண்டியை ஓட்டி வந்தவர் ஜெர்வினின் தாய்மாமன் எட்வின். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். இந்தப் பழைய வண்டியை ஆசைப்பட்டு வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. மருமகன் கல்யாணத்துக்கென்று தானே ஓட்டி வந்திருக்கிறார்.

"யக்கா, வந்துட்டேன் பாரு!" என்று ஷெரின் கண்ணாடிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

பானு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வலது பக்கம் அதைவிட வழவழ. மூடி என்று ஒன்று எங்கேயும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, டேங்க் எந்தப் பக்கம்?"

எட்வின் அண்ணாச்சி முழித்தார். "அது டிரைவர் ஐயாதுரைதாம்மா எப்பவும் போட்டுட்டு வருவான். அவன் நேத்தே சதுரகிரி மலை ஏறிட்டான். போன் போட்டா போக மாட்டேங்குது."

"பெட்ரோல் முள்ளு எங்க நிக்குது?"

"கீழ படுத்துருச்சு. தேவதானத்துல திரும்பும்போதே வண்டி ரெண்டு தடவ இருமுச்சு."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் இருக்கிறது. மணி பத்தாகப் போகிறது. ஏசம்மாள் கையைக் கூப்பி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் இரண்டு லோடு ஆட்டோவும் ஒரு கல்யாண வேனும் ஏழெட்டு பைக்கும் சேர்ந்து ஹாரன் அடித்தன. பைக்கில் வந்த காலேஜ் பையன் ஒருவன் ரோட்டோரம் போய்ப் போனில் தேடினான். இருபத்திரண்டு நிமிஷ வீடியோ ஒன்று கிடைத்தது. அதிலும் ஒரு வெள்ளைக்காரர் வண்டியின் சரித்திரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரித்திரத்துக்கு எட்வின் அண்ணாச்சியிடமே பஞ்சமில்லை. பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், அவருக்குப் பேச்சு வரும்.

"லேசுப்பட்ட வண்டியில்லம்மா இது. கேடிலாக்! அமெரிக்காவுல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டுல ஆரம்பிச்ச கம்பெனி. லேலண்டுன்னு ஒரு மனுஷன், அளவுன்னா அளவு, மயிரிழை தப்புனா ஒத்துக்க மாட்டாரு. லண்டனுக்கு மூணு காரக் கொண்டுபோய், அம்புட்டையும் அக்கக்கா கழட்டி, ஒண்ணோட ஒண்ணு கலந்து போட்டு, திரும்பப் பூட்டி ஐநூறு மைல் ஓட்டிக் காட்டுனாங்க. பரிசே குடுத்தான் வெள்ளைக்காரன்! கைய ஒடிக்கிற கம்பி வச்சுச் சுத்தாம, செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுற வண்டிய வித்ததும் இவியதான். இன்னைக்கும் அமெரிக்காவுல ஒரு பொருள் ஒசத்தின்னா, இது இந்த வகையில கேடிலாக்குன்னுதான் சொல்லுவான்."

"அம்புட்டும் செஞ்சவன் பெட்ரோல் ஊத்த ஓட்டை வைக்க மறந்துட்டானா?" என்று வேல்பாண்டி வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. ஹாரன் சத்தத்தில் அவருக்குக் காது அடைத்துவிட்டது. "யாராவது இந்த ஓட்டையக் கண்டுபிடிச்சு, இந்தக் கப்பல எம் பங்க்க விட்டுக் கெளப்புங்கய்யா! என்ன கேட்டாலும் தாரேன்!"

பானு அதைக் காதில் வாங்கினாள். வாங்கி, பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

நம்பர் பிளேட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். சில பழைய வண்டிகளுக்கு மூடி அங்கே இருக்கும் என்று கேள்வி. இதற்கு இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்தார்கள், ஸ்டெப்னி டயர்தான் இருந்தது. பத்து மணி அடித்துவிட்டது. ஷெரினின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் வடிந்து, உதடு துடித்துக்கொண்டிருந்தது. வேறு பங்க்குக்குப் போனாலும் இதே கதிதான். ஆட்டோ பிடித்துப் போய் இறங்கலாம். அப்படியென்றால் ஆறு வருஷம் நாற்காலி போட்டு விளையாடியதெல்லாம் நாற்காலியாகவே போய்விடும்.

"கேடிலாக்குங்கறது யார் பேரு அண்ணாச்சி?" என்று பானு கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கை வேலை செய்யாதபோது வாயாவது செய்யட்டும் என்று கேட்டிருப்பாள்.

எட்வின் அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "ஒரு பிரெஞ்சுக்காரர்ம்மா. இந்தக் கார் செஞ்ச டெட்ராய்ட் ஊரையே உண்டாக்குனவரு. ஆனா பாரு, பெரிய வம்சம் ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல வந்து எறங்குனதும் தானே ஒரு பட்டத்த வச்சுக்கிட்டாரு, ஒரு கேடயச் சின்னத்தையும் தானே உண்டாக்கிக்கிட்டாரு. அந்தச் சின்னந்தான் இந்தா முன்னால மின்னுது."

"அப்ப நம்மூர்ல பட்டம் போட்டுப் போஸ்டர் அடிச்சு ஒட்டிக்கிறவிய மாதிரி."

"அதேதான். இந்த வாலு இருக்குல்லா, இதுவும் சண்டை விமானத்தப் பாத்து வச்சது. பறக்கவா போகுது? எல்லாம் ஒரு பகட்டு. அசிங்கமா ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது அவியளுக்கு."

பானு அசையாமல் நின்றாள். பேருக்குச் சொந்தக்காரரே வேஷம் போட்டவர். வண்டியும் வேஷம் போடுகிறது. பெட்ரோல் ஓட்டையைவிட அசிங்கமான ஓட்டை ஒரு காருக்கு உண்டா? அதை எதற்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள்? இருப்பதிலேயே பகட்டான ஒன்றுக்குப் பின்னால்தான்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். டேங்க் தெரிந்தது. அதிலிருந்து ஒரு குழாய் இடது பக்கமாக ஏறி, மீன் வாலுக்குள் போய் மறைந்தது. எழுந்து வாலுக்கு வந்தாள். சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே பொட்டு வைத்த மாதிரி சின்ன வட்டம். வலது பக்கத்து வட்டம் புத்தம் புதிதாக மின்னியது. இடது பக்கத்து வட்டம் மட்டும் மங்கி இருந்தது. ஆள் கைபட்டுத் தேய்ந்த இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டை விரலால் அழுத்தினாள்.

விளக்கு அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே, அடக்கமாக, ஒரு டேங்க் மூடி.

லோடு ஆட்டோக்காரர் விசில் அடித்தார். ஹாரன் அடித்தவர்களெல்லாம் இப்போது கை தட்டினார்கள். ஏசம்மாள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அரற்றினாள். எட்வின் அண்ணாச்சி விளக்கையும் பானுவையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சு வரவில்லை அவருக்கு, அதுவே ஒரு அதிசயம்.

பானு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, பின் சீட்டு ஜன்னலுக்கு வந்தாள். குனிந்தாள்.

"ஜீரோ பாத்துக்கோங்க மேடம்."

ஷெரின் கால் மேல் கால் போட்டாள். கண்ணை இடுக்கி மீட்டரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க என்ன தெரிந்திருக்கும் அவளுக்கு?

"பாத்தாச்சு. டேங்க்க நிறைச்சிருங்க" என்றாள். குரல் உடைந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் அழுதார்கள்.

பெட்ரோல் நிறைந்ததும் பானு மூடியைப் போட்டு, விளக்கை இறக்கிவிட்டு, பெட்ரோல் விடும் நாசிலோடு வேல்பாண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"சார், என்ன கேட்டாலும் தாரேன்னீங்க."

"அது, ஒரு பேச்சுக்கு..."

"நாங்க எல்லாரும் கேட்டோம் சார்!" என்றார் லோடு ஆட்டோக்காரர். வேனில் இருந்த கல்யாணக்காரர்கள் மொத்தமும் ஆமாம் போட்டது.

"ரெண்டு மணி நேரம் சார். தாலி கட்டுறதப் பாத்துட்டு ஓடியாந்துருதேன்."

வேல்பாண்டி கூட்டத்தைப் பார்த்தார், வெண்ணெய் நிறக் கப்பலைப் பார்த்தார், மூச்சை விட்டார். பிறகு பானுவின் கையிலிருந்த நாசிலைத் தானே வாங்கிக்கொண்டார். "ஏலே, அடுத்த வண்டி வா" என்று அவர் கத்தியதும், "எந்தப் பக்கம்லே மூடி?" என்று கேட்டதும், வண்டி ரோட்டில் ஏறும் வரை பானுவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீலச் சட்டையோடு, பெட்ரோல் வாசனையோடு, பானு பின் சீட்டில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். பட்டில் படாமல் கையை மடியில் ஒடுக்கி வைத்திருந்தாள். ஷெரின் அந்தக் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை விடவில்லை. பத்து இருபத்தெட்டுக்குச் சர்ச் வாசலில் இறங்கினார்கள். கடைசி வரிசைக்கு நழுவப் பார்த்தவளை ஏசம்மாள் இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார வைத்தாள். ஜெர்வின் தாலி கட்டும்போது பானுவைவிடச் சந்தோஷமாக அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். கட்டியவனை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

இது நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு கார் பங்க்குக்குள் திரும்பியது. வலது பக்க மூடி. பானு கையைக் காட்டி நிறுத்தினாள். முன்பின் தெரியாத ஒரு மனுஷர் இறங்கி வந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

"நான் சிவகாசி. எட்வின் அண்ணாச்சி அந்தக் கேடிலாக் வண்டியப் பத்திக் கத கதையாச் சொல்லுவாரு. மொதல்ல அந்தப் பிரெஞ்சுக்காரர் வருவாரு, பொறவு லேலண்டு, பொறவு லண்டன்ல மூணு காரக் கழட்டிப் பூட்டுனது. எல்லாம் சொல்லிட்டுக் கடைசியா அந்த இடது பக்க விளக்கத் தூக்கிக் காட்டி, இதக் கண்டுபிடிச்சது ராஜபாளையம் பானுப்பிரியான்னு முடிப்பாரு." கொஞ்சம் தயங்கினார். "நீங்கதானா அவிய?"

பதினாறு வருஷத்தில் வண்டியில் வந்த ஒருத்தர் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை. பானுவுக்குக் கழுத்து வரை சூடு ஏறியது. அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான்" என்றாள். "ஜீரோ பாத்துக்கோங்க."