டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டாவது குழாய்

சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில் சந்தித்த அந்த மெக்கானிக்குக்குக் காதிலும் நரைமுடி. கைகள் மட்டும் ஆச்சரியமாகச் சுத்தம். எந்த ரப்பர் குழாயைக் கழற்றினாலும் வாயில் வைத்து, இளநீர் குடிப்பதுபோல் உறிஞ்சிப் பார்ப்பார்.

என் பழைய கார் சிக்னலில் நின்றாலே நடுங்கியது. டோபி காட் சந்திப்பில் இரண்டு முறை அணைந்தே போனது. அவர் இன்ஜினுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களில் ஒன்றை உறிஞ்சினார். உள்ளே ஏதோ நகர்ந்தது.

"இதுதான் லா. கார் நிக்கும்போது ஸ்பார்க்கை லேட்டாக்குது."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல, அதோட வேலையே அதுதான். புகையில விஷம் குறையணும்னு அந்தக் காலத்துல வெச்சது."

வேண்டுமென்றே தாமதப்படுத்த ஒரு கருவியா? அவர் அந்தக் குழாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்தார். இன்ஜின் சீராக ஓடியது. நான் பர்ஸை எடுத்தேன்.

இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டவர், ஸ்க்ரூவை உருவிவிட்டுக் குழாயைப் பழையபடி மாட்டினார். நிற்கும்போது அணையாத அளவுக்கு இன்ஜின் ஓடும் வேகத்தை மட்டும் கூட்டினார். நடுக்கம் திரும்பிவிட்டது.

"ஏண்ணே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒருத்தன் இவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கான். அதை நான் எப்படி எடுக்கிறது?" என்றவர், ஸ்க்ரூவை என் கையில் வைத்தார். "உங்க கார். வேணும்னா நீங்களே அடைச்சுக்குங்க."

இப்போதும் சிவப்பு விளக்கில் கார் நடுங்கும்போது, கண்ணாடியில், பின்னால் என் கார் புகையைச் சுவாசித்து நிற்கும் மோட்டார்சைக்கிள்காரரைப் பார்க்கிறேன். ஸ்க்ரூ சாம்பல் தட்டில் கிடக்கிறது. அதை ஏன் என்னிடம் கொடுத்தார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.