கேட்டில் கட்டிய நமேலே ஓலை

லெய்மாஸ் எங்கள் தீவின் விலா நகரச் சந்தையில் லாப்லாப் விற்பவள். கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சூட்டுக்கல்லில் வேகவைத்ததை விற்று முடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிடுவாள். எங்கள் பெண்கள் அணிக்கு அவள் கேப்டன், நான் கோல்கீப்பர். மணலில் விழுந்து விழுந்து என் முழங்கைத் தோல் போனதுதான் மிச்சம்.

மைதானம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் கால்பந்துத் தலைமைச் சபை பணம் அனுப்பியது. எங்கள் ஊர்த் தலைவர் கல்மெட், பெண்கள் ஆடத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லி நிலம் கொடுத்தார். 'பெண்கள் மைதானம்' என்று பலகையும் வைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! தீவுக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் சைலஸ் கேட்டைப் பூட்டி, மைதானத்தைத் தன் சொந்த கிளப்புக்கு விட்டுவிட்டார். அந்த ஆண்கள் உள்ளே ஆட, நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

தலைமைச் சபைக்குத் தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும். குட்டித் தீவானாலும் ஓட்டு ஓட்டுதானே. பெரிய மனிதர் ஒருவர் ஓட்டுக் கேட்டு விமானத்தில் வந்து இறங்குவார். எங்களுக்குப் புதுச் சட்டை மாட்டிப் போட்டோ எடுப்பார்கள். அவர் கார் கிளம்பியதும் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். வியர்வைகூடக் காயவிடமாட்டார்கள், பாவிகள்.

இந்த முறை சைலஸ் சந்தைக்கே வந்தார்.

"லெய்மாஸ், வெள்ளிக்கிழமை பொண்ணுங்களக் கூட்டிட்டு வந்துடும்மா. பெரியவர் வர்றாரு. சட்டை நான் தர்றேன்."

"சட்டை வேணாம் தலைவரே. கேட்டைத் தொறந்து விடுங்க."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல சிரிச்ச முகமா வந்து நில்லுங்க."

"சிரிப்பையும் அப்புறம் கழட்டி வாங்கிப்பீங்களா?"

சந்தையே சிரித்தது. சைலஸ் லாப்லாப்கூட வாங்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் லெய்மாஸ் கல்மெட்டிடம் போனாள். அவர் அவளுக்குத் தாய்மாமா.

"மாமா, அந்த நெலம் எங்களுக்குன்னு ஊர் முன்னால சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப பூட்டிக் கெடக்கிறது மைதானம் இல்ல மாமா. உங்க வாக்கு."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கேட்டின் குறுக்கே இரண்டு நமேலே மர ஓலைகள் கட்டியிருந்தன. ஊர்த் தலைவர் அந்த ஓலையைக் கட்டிவிட்டால் வழக்கு தீரும்வரை யாரும் தாண்டக் கூடாது. மந்திரி தாண்டமாட்டார், போலீஸ் தொடாது.

பெரியவர் காரை விட்டு இறங்கினார். "ரெண்டு ஓலைதானே, தள்ளிட்டுப் போவோம்" என்று கையை நீட்டினார். சைலஸ் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, தொடாதீங்க சார்! சாவி என்கிட்டதான் இருக்கு. ஆனா நானே உள்ள போக முடியாது."

அவரும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே. எங்களை ஏமாற்றத் துணிந்தவருக்கு ஓலையைத் தாண்டத் துணிவில்லை. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பெரியவர் போட்டோ எடுக்காமலே விமானம் ஏறினார்.

ஓலையை அவிழ்க்க வேண்டுமானால், தப்புச் செய்தவர் பன்றியும் பாயும் கொண்டுவந்து ஊர்ச் சபையில் வாய்விட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். மறு வாரம் சைலஸ் பன்றியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பொண்ணுங்க பேரச் சொல்லி வாங்கின எடத்த என் கிளப்புக்குக் குடுத்துட்டேன். தப்புதான்" என்றார். பாவமாகத்தான் இருந்தது, கொஞ்சம்.

கல்மெட் திரும்பி, "லெய்மாஸ், உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பெண்கள் அந்தச் சபையில் பேசுவது வழக்கமில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"பன்னிய ஊர் சாப்பிடட்டும் மாமா. எனக்கு அந்தப் பூட்டு வேணும்."

"சாவியா?"

"சாவியக் குடுத்தா நாளைக்கே வேற சாவி செஞ்சுக்குவாங்க. பூட்டையே குடுக்கச் சொல்லுங்க."

தேர்தலில் அந்தப் பெரியவரே ஜெயித்தார். எங்கள் சங்கத்தின் ஓட்டும் அவருக்குத்தான் போனது. அவர்கள் ஊரில் தடுத்துக் கட்ட நமேலே முளைக்காது போலிருக்கிறது.

லெய்மாஸ் சந்தையில் இலை பறக்காமல் இருக்க அந்தப் பூட்டைத்தான் மேலே வைக்கிறாள். சைலஸ் லாப்லாப் வாங்க வந்தால் வேறு பக்கம் பார்த்தபடி கை நீட்டுவார். விற்று முடித்ததும் நேரே மைதானத்துக்குப் போகிறோம். கேட் திறந்தே கிடக்கிறது. புல்லில் விழுந்தால் முழங்கை வலிப்பதே இல்லை.