வெளிவாசல் இல்லாத குளியலறை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. துணுக்காய்ப் பக்கம் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த நாலைந்து குடும்பங்களுக்கு அது பங்குக் கிணறு. எங்கள் பின்வேலியோடுதான் இருந்தது. பெண்கள் சீலையை மார்புக்கு மேலே சுற்றிய குறுக்குக்கட்டோடு நின்று, ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்து, ஊர்க்கதையெல்லாம் கதைத்துத்தான் குளிப்பார்கள். அங்கே பெரிய வாய் என் வாய்தான். இப்போது என் இடப்பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். குறுக்குக்கட்டுக் கட்டினால் ஒரு பக்கம் நிற்காமல் வழுகியது. அறையைப் பூட்டிக்கொண்டு கட்டிப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு, வயிற்றில் ஒரு கட்டி என்று சொல்லியிருந்தோம். சட்டைக்குள் துணியை மடித்து வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு நடமாடினேன். என் கணவருக்கு விஷயம் தெரியும், ஆனால் அவரும் பார்த்ததில்லை. பார்க்க நான் விடவில்லை. அவர் அறைக்குள் வந்தால் சீலையை இழுத்து மூடிக்கொண்டு எரிந்து விழுவேன். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, அந்த வெயிலில் என் உடம்பின் மணம் எனக்கே பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் அவர் சீமெந்தும் கல்லும் கொண்டுவந்து இறக்கினார். படுக்கை அறையின் பின்பக்கம், கால் முகம் கழுவவென்று கிடுகு ஓலையால் மறைத்த ஒரு மூலை இருந்தது. அதை மலாயா மாதிரிக் குளியலறை ஆக்கப்போவதாகச் சொன்னார். வாலிப வயதில் அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். சீனன் வீட்டுத் தண்ணீர்ச் சாடி, யப்பான்காரன் குந்தியிருந்து குளிக்கிற மரக்கட்டை, தண்ணீர் கீழே வடிய இடைவெளி விட்டு அடித்த சலாகைத் தரை என்று கண்ட கண்ட ஆட்களிடமெல்லாம் ஒரே அளப்பு. சனம் சிரித்தது. யாருக்காக அந்தச் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது.

முல்லைத்தீவிலிருந்து வந்த மேசன் தலையைச் சொறிந்தார்.

“படுக்கிற அறைக்குள்ளால போய்த் தண்ணி வார்க்கிறதோ, ஐயா? அதுவும் வட்டமாய் யன்னல். பாம்பெல்லோ எட்டிப் பார்க்கும்.”

“பாம்பு பார்த்தால் பரவாயில்லை. மனுசர் பார்க்கக் கூடாது. வெளிவாசல் ஒண்டும் எனக்கு வேண்டாம்” என்றேன்.

அந்த வெளிவாசல் விஷயத்தில் ஒற்றைக் காலில் நின்றது நான்தான். கதவென்று ஒன்று இருந்தால் யாராவது வந்து தள்ளுவார்கள் என்று பயம். அவர் பனஞ்சலாகையில் தரை அடித்து, மூங்கில் தட்டி தொங்கவிட்டார். வவுனியாவிலிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்தது மண்ணிறச் சாடி. அது நிறையத் தண்ணீரை அவரே சுமந்து ஊற்றினார். மறுநாள் ஆசை தீரக் குளிப்பதென்று இருந்தேன்.

விடிந்தபோது எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒரு கிழவர் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. காடு வெட்டிய நாளில் எங்களோடு நின்று வெட்டிய மனிதர். போகாமல் இருக்க முடியாது. போய் இருந்து அழுதேன். பிரேதத்தை எடுத்துக்கொண்டு ஆண்கள் சுடலைக்குப் போக, பெண்கள் குளிக்கவென்று எழுந்து வந்தோம்.

வழியில்தான் எனக்கு உறைத்தது. செத்த வீட்டுத் துடக்கோடு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. புதுக் குளியலறைக்கோ வீட்டுக்குள்ளால், சாமிப்படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அத்தனை யோசித்துக் கட்டிய இரண்டு பேருக்கும் இது மட்டும் தோன்றவில்லை.

“எங்க ஒதுங்கிறாய்?” என்று கிணற்றடியில் பக்கத்துக் காணி அக்கா என் கையைப் பிடித்தா. முன்பு என் முதுகு தேய்க்கிறவா அவாதான். “வா, நான் அள்ளி வார்க்கிறன். எவ்வளவு காலமாச்சு நீ கிணத்தடிக்கு வந்து.”

“நீங்கள் குளியுங்கோ அக்கா. நான் ஆறுதலாய்க் குளிக்கிறன்.”

“துடக்கோட நிண்டு என்ன ஆறுதல்? மாத்துச் சீலை இல்லையெண்டால் என்ரயைக் கட்டு.”

மற்றவர்கள் குறுக்குக்கட்டோடு வாளியை இறக்கிவிட்டார்கள். உடுத்த சீலையோடு வார்க்கலாம் என்றால், உள்ளே வைத்த துணி நனைந்து கனத்துத் தொங்கும். ஊரே பார்க்கும். அக்கா உரிமையோடு என் முந்தானையில் கை வைத்தா.

“விடுங்கோ!” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் ‘டொங்’ என்று ஒரு சத்தம். திரும்பினால், பிரேதத்தோடு போன என் கணவர் பாதி வழியில் திரும்பி ஓடி வந்திருக்கிறார். மேலுக்கு ஒன்றுமில்லாமல், மேசன் விட்டுப்போன அலவாங்குக் கம்பியால் புதுச் சுவரை இடிக்கிறார்.

“ஐயோ, இந்த மனுசனுக்கு என்ன விசரோ!” என்றா அக்கா.

“மலாயாவில ரெண்டு வாசல்!” என்று அவர் மூச்சிரைக்கக் கத்தினார். “மற்றதை வைக்க மறந்துபோனன்!”

சாந்து இறுகாத சுவர் பொத்தென்று விழுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் விழுந்தடித்து ஓடி அந்த ஓட்டைக்குள் புகுந்தேன். கதவு ஏது? அவரே கிணற்றடியைப் பார்த்தபடி, இரண்டு கையையும் விரித்து ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார்.

சட்டையைக் கழற்றிச் சாடித் தண்ணீரைச் செம்பால் அள்ளி அள்ளி வார்த்தேன். தண்ணீர் சலாகைக்குக் கீழே ஓடியது. அவர் முதுகு முழுக்கச் செங்கல் தூள், தோளில் ஒரு கீறல். அந்த மனிதரில் எனக்கு அப்போது வந்த அன்பு தாங்க முடியாததாக இருந்தது. சத்தம் வராமல் அழுதேன்.

“நீங்கள் எங்க குளிக்கப் போறியள்?”

“நீ முடி. நான் பிறகு கிணத்தில வார்க்கிறன்.”

“இதுக்குள்ள தண்ணி கிடக்கு. இஞ்சால திரும்புங்கோ.”

அவர் அசையவில்லை.

“திரும்பச் சொன்னனெல்லோ.”

ஓட்டையை விட்டு விலகாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினார்.

“கண்ணைத் திறவுங்கோ” என்றேன்.

திறந்தார். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு பார்த்தார். செம்பை என் கையிலிருந்து வாங்கி, தண்ணீர் அள்ளி, அந்தப் பக்கத்துத் தோளில் மெதுவாக வார்த்தார்.