எங்கள் பாரியில் முளைத்த போஞ்சி

ஈரச் சாணி எருவும் நனைந்த வைக்கோலும் முளைவிட்ட பயறும் பூட்டிய அறைக்குள் காற்றில்லாமல் கிடந்தால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் பச்சையாக, பக்கத்தில் மாட்டுத்தொழுவம் இருப்பதுபோல. மேலகரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையின் கதவிடுக்கில் மூக்கை வைத்து, ஓட்டின்மேல் குற்றாலத்துச் சாரல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இழுத்து இழுத்து முகர்ந்த அந்த வாசனைக்காக, இப்போது வசிக்கும் இங்கிலாந்தின் வடபகுதிச் சிற்றூரில் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் "கொடை" என்கிற திருவிழா நடக்கும். அதற்குச் சில நாள் முன்பே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மண்பானையும் நவதானிய விதையும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அப்பாவின் தங்கை பேச்சியத்தை விரதமிருந்து, அந்த விதைகளைப் பானை பானையாக எருவில் தூவி, வெயில் படாத பின்னறையில் அடுக்கி, தினமும் காலையில் குளித்த ஈரப்புடவையோடு தான் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். முளைப்பாரி என்று நீட்டிச் சொல்ல மாட்டோம், எங்களுக்கு அது வெறும் "பாரி". கொடையன்று கதவைத் திறந்தால் வெளிர்மஞ்சளாக அடர்ந்து நிற்கும் முளைகளை அந்தந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் தலையில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், கும்மியடித்து, மறுநாள் சிற்றாற்றில் கரைப்பார்கள். பாரி போடுகிற வீடுதான் தெருவைச் சேர்ந்த வீடு. வாடகைக்கு வந்தவர்கள், குற்றாலச் சீசனுக்குக் கடைபோட வந்தவர்கள், உத்தியோகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கும்பிடலாம், சாப்பிடலாம், நன்கொடை கொடுத்தால் ஒலிபெருக்கியில் பெயர்கூடச் சொல்வார்கள். பாரி மட்டும் போட முடியாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் நடக்கத் தெரிந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் மறுபடி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கூட்டம். நான் இருக்கும் ஊரில் மூடிக்கிடந்த பழைய ஓட்டல் ஒன்றில், அடைக்கலம் தேடி வந்தவர்களைத் தங்கவைப்பதா கூடாதா என்று நூலகக் கூடத்தில் பேசினார்கள். தலை நரைக்கிற அளவுக்கு இங்கே நர்ஸாக வேலை பார்த்தாயிற்று, வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், எனக்கும் இதில் பேச்சு உண்டு என்ற நினைப்பில் நானும் போயிருந்தேன். பல பண்பாட்டு மக்கள் கலந்து வாழ்வதுதான் நாட்டுக்கு அழகு என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். அவர் குடியிருப்பது என்னவோ அந்த ஓட்டலுக்கு எட்டாத பேட்டை. டாக்டரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்கிறோம், இதில் இன்னும் எத்தனை பேரைச் சேர்ப்பது என்று ஒரு தாய் கேட்டாள். அவள் பிள்ளைக்கு நானே ஊசி போட்டிருக்கிறேன், காத்திருந்ததாக அவள் சொன்னதில் பொய் இல்லை. பிறகு என் பக்கத்து வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுந்து, வந்தவர்களால் இந்த ஊர் ஊராகவே இல்லை என்று உரக்கச் சொன்னார். உட்காரும்போதுதான் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னைக் கவனித்தார். பதறிப்போய் என் கையைத் தட்டி, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். நல்ல மனிதர், பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர், நான் கொடுக்கும் ரசத்தைக் கண்ணில் நீர் வரக் குடிப்பவர். எனக்குக் கோபம் வரவில்லை. இதே வார்த்தையை எங்கள் தெருவில் தமிழில் கேட்டிருக்கிறோமே என்றுதான் தோன்றியது, தோன்றிய உடனே புஷ்பராணி முன்னால் வந்து நின்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது புஷ்பராணியின் குடும்பம் எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தது. இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசி முடித்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய எத்தனையோ குடும்பங்களில் அதுவும் ஒன்று. அவளுடைய அப்பா ராமையாவின் தாத்தா ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து போனவராம். அங்கே போய் விசாரித்தால் அவர் பேரைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. குற்றாலத்து லாட்ஜுகளில் சீசன் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மேலகரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் டீக்குத் "தேத்தண்ணி" என்று பெயர், பீன்ஸுக்குப் "போஞ்சி" என்று பெயர். தெருவுக்கு அது ஒரு வேடிக்கை. புஷ்பராணி என்ற அழகான பெயரை வாய் நிறையக் கூப்பிட ஆளில்லை, அவள் எல்லாருக்கும் "சிலோன்காரி"தான். அவளுடைய அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு தடவை என் அம்மாவிடம் சொன்னாள்: "அங்க இந்தியாக்காரி, இந்தியாக்காரின்னு வெரட்டுனாங்க அக்கா. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. நாங்க எந்த ஊருதான்னு யாராச்சும் சொன்னா தேவல." என் அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர்களைப் பற்றித் தெருவிலேயே அதிகம் முணுமுணுத்தவள் பேச்சியத்தைதான். குழாயடியில் கூட்டமா, ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிட்டதா, லாட்ஜில் கூலியைக் குறைத்துவிட்டார்களா, எல்லாம் "சிலோன் ஆளுக" செய்த வேலை. "வந்தவங்க வந்தவங்களா இருக்கணும்லா" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அந்த ஆடியில் ராமையா, தெருவின் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், தங்கள் வீட்டுக்கும் ஒரு பாரி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடையை நடத்துகிறவர் அண்ணாச்சிதான். கேட்கச் சொல்லி நச்சரித்தவள் புஷ்பராணி. பாரி தூக்கினால் அப்புறம் தன்னைச் சிலோன்காரி என்று கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை, அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வெல்லம் வாங்கப் போன நான் கடையில் நின்றேன். இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இன்றைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு சீசனுக்கு வளையல் விற்க வருகிறவனும் கேட்பான் என்றார் ஒருவர். அண்ணாச்சி மரியாதையாகத்தான் பேசினார். "ஒம்மச் சொல்லல வே, நீரு நல்ல மனுசன். கூட்டங்கூட்டமா வந்து எறங்குதானுவல்லா, அவனுவளச் சொல்லுதேன். நீரு நன்கொடை குடும், மைக்குல பேரச் சொல்லிருதோம்." ராமையா தலையை ஆட்டிவிட்டு, வந்ததற்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

புஷ்பராணி அழவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பொத்திய கையை என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் விளைந்து, அவள் அம்மா முந்தானையில் முடிந்து கடல்தாண்டிக் கொண்டுவந்ததில் ஒரே ஒரு போஞ்சி விதை. "ஒங்க பானையில போட்டுரு. நான் தூரத்துல நின்னு பாத்துக்கிறேன்" என்றாள். அன்று மாலை, எங்கள் வீட்டுக்காக ஊறவைத்திருந்த தட்டாம்பயறோடு அதைக் கலந்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதான் முளைக்கும், யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது எங்கள் இருவருடைய கணக்கு. விவசாய ஊரில் பிறந்த பிள்ளைக்கு இவ்வளவுதான் அறிவு.

கொடையன்று கொட்டு முழங்க, அண்ணாச்சியும் தெருப் பெரியவர்களும் முன்னால் நிற்க, அத்தை பின்னறைக் கதவைத் திறந்தாள். அந்த வாசனை குப்பென்று முற்றம் முழுக்கப் பரவியது. எல்லாப் பானையிலும் முளைகள் ஒன்றுபோல் நிற்க, எங்கள் பானையில் மட்டும் நடுவில் ஒரு தடித்த தண்டு, அகலமான இலையோடு, பக்கத்து முளைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கொட்டு நின்றுவிட்டது. பாரியில் வேற்றுச் செடி வந்தால் தெருவுக்கு ஆகாது, பிடுங்கி எறியுங்கள் என்று ஒரு குரல் வந்தது. "பேச்சி, தெனமும் உள்ள போறியே, நீ பாக்கலையா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"பாத்தேன்" என்றாள் அத்தை. "மொளச்ச அன்னைக்கே பாத்தேன். எந்த வீட்டு வெதன்னும் தெரியும், இந்தத் தெருவுல வேற யாரு போஞ்சி திங்கா? பிடுங்கத்தான் கைய நீட்டுனேன் அண்ணாச்சி. அம்மன் பேரச் சொல்லித் தண்ணி ஊத்துன கை, வரமாட்டேங்கு. வெத என்ன செய்யும், போட்ட எடத்துல மொளைக்கு. ஆகாதுன்னா நீங்க பிடுங்குங்க."

பாரி முளையை ஒடித்தவன் வீடு விளங்காது என்று தெருவில் ஒரு பயம் உண்டு. அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறு யாரும் முன்னால் வரவில்லை. அத்தை என் பக்கம் திரும்பி, "என்னட்டி முழிக்க? வெத குடுத்த வீட்டுப் பிள்ளதான வந்து தூக்கணும். போயி அந்தப் புஷ்பராணியக் கூட்டிட்டு வா" என்றாள். அத்தை வாயில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரே பானையை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனோம். சாரலில் நனைந்த தெருவில், அவள் முறை வரும்போதெல்லாம் கழுத்தை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு அவள் நடந்ததை இன்றைக்கும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. வாசலில் நின்ற அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் சிற்றாற்றில் எல்லாவற்றையும் கரைத்தபோது, தண்ணீரில் போன போஞ்சிச் செடியை மட்டும் புஷ்பராணி எட்டிப் பிடித்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வேலியோரம் நட்டாள். அந்த வருஷத்துச் சாரலுக்கு அது கொடியேறிக் காய்த்து, எங்கள் வீட்டுக்கும் ஓர் ஓலைக்கொட்டான் நிறைய வந்தது. அத்தை பொரியல் வைத்து, உப்புப் பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

இதனால் தெரு ஒரேயடியாக மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அத்தைக்குக் குழாயடிச் சண்டை ஓயவில்லை. பேரைச் சொல்லிச் சண்டை போட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். சாரல் நின்று சீசன் முடிந்ததும் லாட்ஜில் ராமையாவை நிறுத்திவிட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலை இருக்கிறது, தங்கள் ஆட்களும் இருக்கிறார்கள் என்று மூட்டையைக் கட்டினார்கள். அடுத்த ஆடிக்கு அவர்கள் இல்லை. வேலியில் கிடந்த கொடி அதற்கு முந்தின வெயிலிலேயே கருகிப்போயிருந்தது. புஷ்பராணியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. எங்கே இருக்கிறாளோ, யார் என்ன பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறார்களோ.

போன ஆடியில் மகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்குப் போனேன். சாரல் அப்படியே இருக்கிறது. அத்தை இல்லை, அண்ணாச்சி இல்லை. அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டோம். பின்னறை இருந்த இடத்தில் சீசன்காரர்களுக்கு ஏசி ரூம் கட்டியிருக்கிறார்கள். பாரியைத் தென்காசியில் ஒருவர் மொத்தமாக வளர்த்து, பிளாஸ்டிக் தொட்டிகளில் வேனில் கொண்டுவந்து இறக்குகிறார், அதில் அந்த வாசனை இல்லை. கோயில் ஓரத்தில், கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரப் பெண் ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கொடையை நடத்தும் அண்ணாச்சியின் மகன் அவளைக் காட்டி, "வடக்க இருந்து வந்து குமிஞ்சுட்டாங்க, நம்ம ஊரு நம்ம ஊராவே இல்ல" என்று சலித்துக்கொண்டார். "நானும் அங்கன அப்படிப் போயிக் குமிஞ்சவதான தம்பி" என்றேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, ஒங்களச் சொல்லலக்கா."

பெண்பிள்ளைகள் தொட்டிகளைத் தலையில் ஏற்றத் தொடங்கினார்கள். தமிழைத் தட்டித் தடவிப் பேசும் என் மகள், "அம்மா, நம்ம வீட்டுப் பாரி எது?" என்று கேட்டாள். விற்ற வீட்டுக்கு ஏது பாரி? பக்கத்தில் நின்ற ஒருத்தி சிரித்த முகத்தோடு விலகி, "லண்டன்காரங்களா? நல்லா முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிடுங்க" என்று எங்களுக்கு இடம் விட்டாள். நான் இருக்கும் ஊர் லண்டனே இல்லை. அங்கே வீட்டுக்குப் பின்னால் வருஷா வருஷம் நான் போடுகிற போஞ்சியின் காய்ந்த விதை கொஞ்சம் என் கைப்பையில் இருந்தது. எதற்காக எடுத்து வந்தேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. அதைக் கையில் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றேன், வரிசையில் போகிற பிள்ளைகளில் ஒருத்தியாவது என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்ட மாட்டாளா என்று.