அத்தை கல்யாணத்துக்கு யார் வாசிப்பது

காலை ஒன்பது ஐம்பதுக்கு எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் மின்விசிறிகள் நின்றன. பத்து மணிக்கு என் அத்தைக்குக் கல்யாணம். பராமரிப்பு வேலைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று மாலைவரை கரண்டு கிடையாது என்று முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்களாம். கல்யாண வீட்டில் யார் பேப்பர் படித்தார்கள்?

மின்விசிறியோடு கீபோர்டும் நின்றது. ராஜபாளையத்திலிருந்து அதை வாசிக்க வந்திருந்தவர் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

அந்தக் கீபோர்டால்தான் மூன்று வாரமாகப் பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் உண்டு. ஞாயிறுதோறும் அதை வாசிப்பவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் கீபோர்டு வேண்டும் என்றார்கள். அப்பா தலையாட்டிவிட்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆளையும் பேசி முடித்துவிட்டார். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா என்று பெரியப்பா சத்தம் போட்டார். வரவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகளுக்கு பைபிள் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி முடிந்து வந்த என்னை ஆலயப் படியில் நிறுத்தினார்.

"ஏட்டி, உங்கப்பன ஒரு தடவ வந்து கூப்பிடச் சொல்லு. நான் வாரேன்."

நான் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. பெரியப்பா பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார், அம்மா அழுவாள். சொல்லாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பாட்டு தொடங்கினால்தான் பெண் உள்ளே நடந்து வருவாள், அது முறை. பத்தேகால் ஆகியும் அத்தை வாசலில் காருக்குள்ளேயே இருந்தாள். பதினொன்றரைக்கு அதே ஆலயத்தில் இன்னொரு கல்யாணம். ஜெனரேட்டர் கொண்டுவரப் போனவர் போனவர்தான். கல்யாணத்தை நடத்திவைக்கும் போதகர் ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா, அப்பா காதில் விழும்படி, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "எங்க ஊர்ல கரண்டு இருக்கு. கல்யாணத்த அங்கயே வச்சிருக்கலாம்."

வாயாலேயே பாடிவிடலாம் என்றார்கள் சிலர். அம்மா காருக்குப் போய் வந்தாள். பெரிய அண்ணன் வாசித்தால்தான் இறங்குவேன் என்று அத்தை சொல்வதாகச் சொன்னாள். பெரியப்பாவைக் கூட்டிவர, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையை அப்பா சைக்கிளில் அனுப்பினார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பட்டுப்பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். இப்போது என் மகளுக்குக் கல்யாண வேலை நடக்கிறது. யார் வாசிப்பது என்று பேச்சு எழுந்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

பத்து நாற்பதுக்குப் பெரியப்பா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் பாட்டுப் புத்தகம். ஆர்கன் பக்கம் போகாமல் நேரே அப்பாவிடம் வந்தார்.

"வந்து கூப்பிடச் சொல்லிப் புள்ளட்ட சொல்லிவிட்டேனே. அம்புட்டு வீம்பாலே ஒனக்கு?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"சொன்னாண்ணே. நான்தான் வரல. தப்பு என் மேலதான்."

பெரியப்பா போய் ஆர்கனைத் திறந்தார். அத்தை காரிலிருந்து இறங்கினாள். ஆலயத்துக்குள் நின்றுகொண்டே அப்பா பொய் சொல்லிவிட்டாரே என்றுதான் அன்று முழுக்க எனக்குப் பயமாக இருந்தது.