புகை பிடித்த பத்து மூட்டை

மூக்கக்காவிடம் எதையும் மறைக்க முடியாது. வேலை விட்டு வரும் வழியில் கணவர் சிகரெட் பிடித்துவிட்டு, ஏலக்காயை மென்று, போதாததற்கு முகமும் கழுவிக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் "எத்தனை?" என்று கேட்பார் அக்கா. "ஒண்ணுதான்" என்பார் அவர். "ரெண்டு" என்பார் அக்கா. இரண்டாகத்தான் இருக்கும்.

அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாக்லேட் கூடத்தில், வந்து இறங்கும் கொக்கோ கொட்டைகளைச் சோதிப்பது அவர் வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி ஐம்பது கொட்டை எடுப்பார். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறி, பலகையில் வரிசையாக வைத்து, நிறம் பார்த்து, முகர்ந்து பார்ப்பார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கெஞ்சல், கொஞ்சல், தெரிந்தவர் சிபாரிசு எதுவும் அந்தப் பலகையிடம் செல்லாது.

கூடத்தை நடத்தும் அம்மாள் முன்பு பள்ளியில் பாடம் எடுத்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். தரகர்களைத் தொடாமல், சிறு விவசாயிகள் சங்கங்களிடமே நேராக வாங்குவார். சந்தையைவிடக் கூடுதல் விலை. பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு இறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். "விளைவித்தவருக்கு அநியாயம் செய்யாமல் செய்தது" என்று உறையில் அச்சடித்திருப்பார்கள். கடையில் அதைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. உறவுக்காரர் வீட்டில் வேறு சாக்லேட்டை நீட்டினால், "இது யார் வயித்துல அடிச்சதோ" என்று தட்டைத் தள்ளிவைப்பார். உறவுக்காரர்களுக்கு இவர் வருகிறார் என்றாலே பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளும் புத்தி வந்திருந்தது.

அந்த வருடம் ஆற்றுக்கு அப்பால் புதிதாக ஒரு சங்கம் சேர்ந்தது. நாற்பது குடும்பம். முதல் சரக்கு பத்து மூட்டை, சொன்ன தேதியில், சொன்ன எடையில் வந்து இறங்கியது. முதல் மூட்டையில் ஊசி செருகியதுமே அக்காவின் முகம் மாறியது. புகை. இரண்டாவதிலும் புகை. பத்திலும் புகை. வெயிலில் காய வேண்டிய கொட்டையை நெருப்பில் காயவைத்திருக்கிறார்கள். அந்த வாடை வறுத்தாலும் போகாது, சர்க்கரையில் முக்கினாலும் போகாது.

ஆகாத சரக்கைக் கழிப்பதற்கான படிவத்தை அக்கா எடுத்தார். 'தவறு யாருடையது' என்பதற்குக் கீழே மூன்று கட்டம்: விவசாயி, வண்டி, கிடங்கு. புதுச் சங்கத்துக்கு முதல் சரக்கிலேயே விவசாயி என்று குறி விழுந்தால் ஒப்பந்தம் முடிந்தது. நாற்பது குடும்பமும் திரும்பத் தரகரிடம்தான் போக வேண்டும். அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் தப்பு தப்புதானே. குறி போடுமுன் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சங்கத்துக்குப் போன் போட்டார். செயலாளராக இருந்த பெண் எடுத்தாள்.

"ஏம்மா, அடுப்புல போட்டா காயவெச்சீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னோமே, வெயில்லதான் காயணும்னு."

"மூணு வாரமா மழைங்க. வெயிலையே கண்ணுல காணோம். ஈரத்தோட அனுப்பினா பூசணம் பிடிச்சிடும். வேற வழி தெரியாம எல்லார் வீட்டு அடுப்புக்கு மேலயும் பரண் கட்டிப் பரப்பினோம். ஆளுக்கு ஆள் முறை வெச்சு கிளறிவிட்டோம். பிள்ளைங்க புகையில இருமுதுன்னு பள்ளிக்கூடத்துல படுக்கவெச்சோம்."

"மழைன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா? பத்து நாள் கழிச்சு அனுப்பறது."

அந்தப் பெண் தயங்கிச் சொன்னாள்: "நீங்கதாங்க எழுதியிருந்தீங்க. பத்தாம் தேதிக்கு மேல ஒருநாள் ஆனாலும் சரக்கு வேண்டாம், போன்ல சாக்கு சொல்லவும் வேண்டாம்னு. அந்தக் கடுதாசியைச் சங்கத்துச் சுவத்துல ஒட்டிவெச்சிருக்கோம்."

எழுதியது மூக்கக்காவேதான். போன வருடம் வேறொரு சங்கம் ஒரு மாதம் இழுத்தடித்த கோபத்தில், இவர்களிடம் ஆரம்பத்திலேயே கறாராக இருந்துவிட வேண்டும் என்று எழுதியது. அன்றைக்கு அந்த வரியை டீச்சரிடம் வாசித்துக் காட்டி மெச்சிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. ஊரார் அடுப்பில் எரிகிற விறகையெல்லாம் முகர்ந்து சொல்லும் மூக்குக்குத் தன் கை வைத்த தீ தெரியவில்லை. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காதபோதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெச்சிடுறேம்மா" என்றார்.

மாலையில் டீச்சர் மேசைக்குப் படிவம் போனது. சரக்கு ஆகாது என்று எழுதியிருந்தது. மூன்று கட்டத்திலும் குறி இல்லை. அவற்றுக்குக் கீழே பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் 'நாங்கள்' என்று எழுதி, அதில் குறி போட்டிருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "என்னக்கா இது, புதுசா?"

அக்கா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கடிதத்தையும் மறைக்கவில்லை. "அவங்க கொட்டையைக் கெடுக்கல டீச்சர். நான் கெடுக்கவெச்சேன். அவங்களுக்குச் சேர வேண்டியது சேரட்டும். இந்த மூட்டைங்க நம்ம நஷ்டமாப் போகட்டும்."

"கடைங்க கொடுத்த ஆர்டருக்கு என்ன பண்றது?"

"குறையாத்தான் போகும். கடைக்காரங்களுக்கு நானே சொல்லிக்கறேன்."

டீச்சர் அந்த நான்காவது கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார். அக்கா எழுதிய கடிதத்தின் அடியில் இருந்தது டீச்சருடைய கையெழுத்துதானே. பிறகு படிவத்தில் ஒப்பமிட்டு, சங்கத்துக்கு எழுத ஒரு தாளை இழுத்துக்கொண்டார்.

"அடுத்த சரக்குக்கு எந்தத் தேதி போடட்டும்கா?"

"தேதி வேணாம் டீச்சர். காஞ்சதும் அனுப்பச் சொல்லுங்க."