சட்டைப் பைக்குள் ஒரு மனிதன்

என் மகன் இறந்து சில மாதங்கள் கழித்து, அவனுடன் ஞாயிற்றுக்கிழமைதோறும் விளையாடிய நண்பர்கள் இருவர் மலேசியாவின் ஈப்போ நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பொம்மையைத் திருப்பிக் கேட்டார்கள். கட்டைவிரல் உயரம், கையில் கோடரி, தலையில் சிவப்புத் துண்டு. தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் திறக்காமல் வைத்திருந்த ஒரு பையில் அது இருந்தது.

விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் கொடுத்த பை அது. என் மகன் பாரிட் புந்தாரில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தான். வார இறுதியில் எங்களிடம் வருவான். ஞாயிறு பிற்பகல் ஆட்டம் முடிந்ததும் உடுத்திய உடையோடு அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கடைசி ஞாயிறும் அவ்வாறே கிளம்பினான். நெடுஞ்சாலையில் மழை. கருமாதிக்குப் பிறகு அவனுடைய மற்ற உடைகளையெல்லாம் உறவினர்கள் சொன்னபடி கொடுத்துவிட்டோம். அன்று அவன் அணிந்திருந்தவற்றை மட்டும், மருத்துவமனையில் போட்ட முடிச்சோடு, அலமாரியின் மேல்தட்டில் என் பழைய புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர்கள் விளையாடியது, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே நடத்தும் ஆட்டம். ஒருவன் கதையை நடத்துவான். அவனை மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். என் மகன்தான் மாஸ்டர். ஆட்டக்காரர்களில் ஒருவர் ஈப்போவில் உணவகம் நடத்தும் தமிழ் முஸ்லிம் இளைஞர். அவருடைய பாத்திரம்தான் அந்தக் கோடரிக்காரன். மற்றவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவர் பாத்திரம் மந்திரம் அறிந்த மருத்துவச்சி. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, விரும்பியோ விரும்பாமலோ, எல்லாம் கேட்கும், வாசல் வழியாகப் பாதி தெரியவும் செய்யும்.

கதை ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. வில்லன் அந்தத் தோட்டத்துக் கங்காணி. நிலா நிறைந்த இரவுகளில் அவன் ஓநாயாகி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கதவுகளை முகர்ந்து திரிவான். விடிந்ததும் மனிதனாகி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும் தொழிலாளர்களை எண்ணி, ஆள் குறைகிறதே என்று அதட்டுவான். இரவில் தான் தின்றவர்களுக்கே காலையில் வேலைக்கு வராத குறையை எழுதும் வில்லன். இந்த இடம் வரும்போதெல்லாம் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன்.

விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னேன்: இந்த நாட்டுக் காடுகளில் ஓநாய் கிடையாது, இருப்பது புலி. இங்குள்ளவர்கள் மனிதன் புலியாக மாறுவதைத்தான் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நீ கங்காணியையும் பால்மரத்தையும் இவ்வளவு சரியாக வைத்துவிட்டு, விலங்கை மட்டும் பனி பெய்யும் தேசத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறாய். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஓநாயே இருக்கட்டும்பா," என்றான். வாதாடவில்லை. அயல்நாட்டு ஆட்டப் புத்தகங்களின் பழக்கம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஓநாய் மனிதனில் இரு வகை உண்டு என்பதை அந்தச் சுவர் வழியாகவே அறிந்தேன். ஒன்று வில்லன், அவனைக் கொல்ல வேண்டும். மற்றொன்று, வில்லனிடம் கடிபட்ட நம் ஆள். கோடரிக்காரனைக் கங்காணி ஓராண்டுக்கு முன்பே கடித்துவிட்டான். அன்றிலிருந்து கதையில் முழுநிலா வரும்போதெல்லாம் உணவகக்காரர் தன் பாத்திரத்தை நடத்தும் உரிமையை இழப்பார். என் மகன் கோடரிக்காரன் பொம்மையை மேசைமேல் விரித்த ஆட்டப் பலகையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஓநாயை நிறுத்துவான். அதன் பிறகு அந்த ஓநாய் யாரைப் பாய்ந்து கடிப்பது என்பதை மாஸ்டர்தான் சொல்வான். தன் ஆள் தன் தோழியையே துரத்துவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்துக்கடைப் பெண் அவரைச் சீண்டாமல் விடமாட்டார். "மனுசனா இருந்தப்ப ஒரு அடிகூட ஒழுங்கா விழல. ஓநாயானதுக்கு அப்புறம்தான் மச்சான் நீ உருப்படியா வெளயாடுற."

"அது நான் இல்லலா. அவன்தான் வெளயாடுறான். திட்டுறதுன்னா அவன திட்டு," என்பார் இவர்.

நிலா மறையும் நேரத்தில் என் மகன் குரலைத் தாழ்த்தி ஒரே வாசகத்தைச் சொல்வான்: "நிலா எறங்கிருச்சு. எந்திரி." பிறகு பையின் பொத்தானைக் கழற்றி அந்த மனிதனை எடுத்து அதே இடத்தில் நிறுத்துவான். இது அவனே வகுத்த விதி. மாஸ்டர் கூப்பிட்டால்தான் மனிதன் திரும்புவான். கூப்பிடாமல் மூன்று நிலாக்கள் கடந்துவிட்டால், அவன் கங்காணியின் ஆளாகிவிடுவான், வில்லன்களில் இன்னொருவன். கங்காணியும் ஒரு காலத்தில் கடிபட்டவன்தான், அவனை யாரும் கூப்பிடவில்லை என்று ஒரு ஞாயிறு என் மகன் சொல்லக் கேட்டேன். அன்று அந்த அறையில் சிரிப்பு இல்லை.

கடைசி ஆட்டம், ஓநாயான கோடரிக்காரன் மருத்துவச்சியின் லயத்துக் கதவின்முன் நிற்கும் இடத்தில் நின்றுபோயிருந்தது. மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பொத்தான் பூட்டிய சட்டைப் பையோடு என் மகன் காரில் ஏறினான்.

இப்போது பொம்மையைக் கேட்டு வந்த அந்த நண்பர்களிடம், அதே பொம்மை இன்னொன்று கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது சரியான பேச்சு அல்ல என்று தெரிந்தது.

உணவகக்காரர்தான் பதில் சொன்னார். "பொம்ம கெடைக்கும் அங்கிள். நாங்க ரெண்டு பேரும் வேற ஆட்டமும் ஆடிப் பார்த்தோம். முடியல. என் ஆளு இன்னும் அந்தக் கதவுகிட்டதான் நிக்கிறான். அவன் மனுசனா திரும்பிட்டா போதும். அதோட மூடி வச்சிடுறோம்."

நான் பேச்சை மாற்றினேன். அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு குறை இருந்தது, ஓநாய்க்குப் பதில் புலியை வைத்திருக்கலாம் என்றேன். வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் மருந்துக்கடைப் பெண் சட்டென்று சமையலறைப் பக்கம் பார்த்தார். உணவகக்காரரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மொதல்ல அவன் அதைத்தான் வச்சான் அங்கிள். மொத வாரம் நான் சத்தமா அந்தப் பேரச் சொல்லி வெளயாடிக்கிட்டு இருந்தேன். ஆண்ட்டி பலகாரத் தட்ட கீழ வச்சிட்டு சட்டுனு உள்ள போயிட்டாங்க. அடுத்த வாரம் வந்து பார்த்தா ஓநாய். எங்கம்மா இருக்கிற வீட்டுக்குள்ள அந்தப் பேரு வேணாம்னான்."

என் மனைவி சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள். விடியுமுன் விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் வீட்டில் அந்த விலங்கின் பெயரைச் சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள், அதுவும் தேவை ஏற்பட்டால்தான். திருமணமான புதிதிலேயே இது எனக்குத் தெரியும். வகுப்பறையில் ஒரு சுவையான செய்தியாக நான் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என் மகன் யாரும் கண்டிராத ஓர் ஓநாயை எங்கள் கூடத்தில் வளர்த்ததற்கும் அதற்கும் உள்ள தொடர்பு எனக்குத் தோன்றவே இல்லை. அது கடன் வாங்கிய விலங்கு அல்ல. அவன் அம்மா தைரியமாகப் பக்கத்தில் வந்து தேநீர் வைக்கக்கூடிய விலங்கு.

இப்போது எங்கள் வீட்டில் சொல்லப்படாத பெயர்கள் இரண்டு ஆகிவிட்டன.

நான் எழுந்து உள்ளே போனேன். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். அவ்வளவு ஒழுங்காக அடுக்க வேண்டியதில்லை. பையின் முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. கத்தியால் அறுக்கவும் மனம் வரவில்லை. அது அவிழும்வரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சட்டையின் முன்புறத்தை மருத்துவமனையில் மேலிருந்து கீழாகக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். பொத்தான்களை அவிழ்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. எல்லாப் பொத்தான்களும் போட்டபடியே இருந்தன. சட்டைப் பையின் பொத்தானும். அதன் மேல் விரலை வைத்தபோது உள்ளே சிறிய, கடினமான ஒன்று தட்டுப்பட்டது.

அதை அங்கே அவிழ்க்க என்னால் முடியவில்லை. சட்டையை மடித்து அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்தேன். இளைஞர்கள் இருவரும் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். இருவரையும் உட்காரச் சொன்னேன். மருந்துக்கடைப் பெண் கொண்டுவந்திருந்த பலகையை மேசைமேல் விரித்தார். கோட்டால் வரைந்த லயம், கதவு, அதன்முன் ஓநாய். நான் பொத்தானைக் கழற்றி அந்த மனிதனை எடுத்தேன். கோடரியின் முனை உடைந்திருந்தது. உணவகக்காரர் கை நீட்டவில்லை.

"நீங்க கூப்பிடணும் அங்கிள்," என்றார். "மாஸ்டர் கூப்பிட்டாத்தான். அவன் வச்ச சட்டம்."

எனக்கு அந்த வாசகம் தெரியும். முப்பது ஆண்டுகள் வகுப்பறைகளில் பேசியவனுக்கு மூன்று சொற்கள் கடினமாக இருக்கக் கூடாது. இரண்டு முறை வாயைத் திறந்தேன். எழுந்து வா என்று நான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நின்றது. இளைஞர்கள் காத்திருந்தார்கள். பொம்மை என் விரல்களுக்கிடையே வியர்த்தது.

சமையலறை வாசலில் என் மனைவி நிற்பதை நான் பார்க்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவள் சட்டையைப் பார்த்துக்கொண்டே, அவனைப் போலக் குரலைத் தாழ்த்தாமல், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்பும் குரலில் சொன்னாள்.

"நிலா எறங்கிருச்சு. எந்திரி."

உணவகக்காரர் என் கையிலிருந்து அந்த மனிதனை வாங்கி, ஓநாயை எடுத்துவிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். உடைந்த கோடரியோடு அது கொஞ்சம் சாய்ந்து நின்றது. "எந்திரிச்சிட்டான் ஆண்ட்டி," என்றார்.  அவரைச் சீண்டுவதற்கு எப்போதும் ஏதாவது வைத்திருக்கும் அந்தப் பெண் பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் மனைவி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். சட்டையை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டு, கத்தரி வெட்டிய இரு விளிம்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். சேர்ந்தன. பிறகு காலியான அந்தப் பையின் பொத்தானைப் பூட்டினாள்.